செத்துப்போன ஷோகேஸ்? நியூயார்க் கிறிஸ்துமஸ் கடைவீதி பற்றி

கேள்வி, 22 நவம்பர் 2024

டிசம்பர் நடுவில் நாகர்கோவிலிலிருந்து மாமனார் மாமியார் வருகிறார்கள். நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில் எடிசன் என்ற ஊர். மன்ஹாட்டனுக்குக் கூட்டிப்போய் அந்த கிறிஸ்துமஸ் ஷோகேஸ்களைக் காட்டியே ஆகவேண்டும் என்று மனைவி ஒற்றைக்காலில் நிற்கிறாள். துணியிலிருந்து துடைப்பம் வரை எல்லாம் போனிலேயே வாங்கும் காலத்தில், குளிரில் நின்று கண்ணாடிக்குள் இருக்கும் பொம்மையைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது? விற்பதற்காக வைத்த விளம்பரம். அதைக் கலை கிலை என்று ஏன் தூக்கிப்பிடிக்கிறார்கள்? செத்துப்போன சமாச்சாரம் என்பது என் கட்சி. மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

22 நவம்பர், இரவு

மறுப்பு இருக்கிறது. பாதிதான்.

2009-லிருந்து போகிறேன். இடையில் மூன்று வருஷம் விட்டுப்போனது. ஒன்று அப்பா காரியம், ஒன்று கொரோனா, ஒன்று சுத்தமான சோம்பேறித்தனம். செத்தவை நிறைய என்பது வாஸ்தவம். பெரிய கடைகளில், லார்ட் அண்ட் டெய்லரின் ஃபிஃப்த் அவென்யூ கடையை 2019 ஜனவரியில் மூடினார்கள். பார்னீஸ் 2020-ல் போனது. சாக்ஸ் கடை முகப்பில் 2004-லிருந்து நடந்த விளக்காட்டம் இந்த வருஷம் கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். பிணத்தை எண்ணினால் நீங்கள் ஜெயிப்பீர்கள்.

ஆனால் "விற்பதற்காக வைத்தது" என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. நாளைக்கு எழுதுகிறேன், அடுப்பில் பால்.

23 நவம்பர்

பால் பொங்கவில்லை. விஷயத்துக்கு வருகிறேன்.

2009-ல் ஜெர்சி சிட்டியில் ஜர்னல் ஸ்கொயர் பக்கம் குடியிருந்தோம். கணவருக்கு ஹெச்-1 வேலை விசா, எனக்கு அதோடு மனைவிக்குக் கொடுக்கும் ஹெச்-4. அந்த விசாவில் வந்தவர்களுக்குத் தெரியும்: சமைக்கலாம், படிக்கலாம், வண்டி ஓட்டலாம், அப்போதெல்லாம் சம்பளத்துக்கு வேலை பார்க்க மட்டும் கூடாது. மதுரையில் ஐந்து வருஷம் ஆடிட்டர் ஆபீஸில் இருந்துவிட்டு வந்தவள் நான். மகளுக்கு ஒரு வயது. பகல் பூராவும் நானும் அவளும் ஹீட்டர் சத்தமும். காசு செலவில்லாமல் போகக்கூடிய இடங்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருந்தேன். நூலகம், பூங்கா, ஆற்றங்கரை. டிசம்பரில் பின்னிரண்டும் அடிபட்டுப்போகும். எதிர்வீட்டு ஃபிலிப்பினோ அம்மாதான் சொன்னார், "33-வது தெருவுக்கு ரயில் ஏறு, மேலே வந்து வடக்கே நட" என்று. இன்றுவரை எனக்கு வழி அதுதான்.

மேஸீஸ் கடை முன்னால் கூட்டம் தள்ளியது. தள்ளுவண்டியோடு ஒதுங்கி ஒதுங்கி ஃபிஃப்த் அவென்யூ வந்து, 38-வது தெருவில் லார்ட் அண்ட் டெய்லர் முன் நின்றேன். கயிறு கட்டி வரிசை விட்டிருந்தார்கள். நம் கோயில் தர்ம தரிசன வரிசை மாதிரியே, ஆனால் பக்கத்தில் நூறு ரூபாய் டிக்கெட் வரிசை கிடையாது. ஃபர் கோட்டு போட்ட அம்மாளும் நானும் ஒரே கயிற்றுக்குள் நின்றோம். முறை வந்து கண்ணாடி முன்னால் போனால், உள்ளே இருக்கும் உலகம் நம் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே தொடங்குகிறது. வண்டியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குச் சரியாகக் கண்மட்டம்.

ஒரு சமையலறை. விரல் நீளப் பாத்திரங்கள், அடுப்பில் சிவப்பு விளக்கு. ஒரு பொம்மைக் கிழவி பலகையில் மாவு தேய்க்கிறாள். முன்னால் ஒரு தள்ளு, பின்னால் ஒரு இழுப்பு, ஒவ்வொரு தள்ளுக்கும் தலை அரை அங்குலம் சாயும். மகள் கிழவியைப் பார்த்தாள். நான் பார்த்தது கிழவியின் முழங்கை. ஒரே இடத்தில் ஒரே அசைவு என்பதால் சட்டைக் கையின் மடிப்பு வெளுத்து, ஒரு நூல் எட்டிப்பார்த்தது. இன்னும் மூன்று வாரம் இவள் தேய்க்கவேண்டுமே, சட்டை தாங்குமா என்று கவலைப்பட்டேன். என் கவலை போன போக்கைப் பாருங்கள்.

அந்தச் சமையலறை 2009-ல் பார்த்ததா 2010-ல் பார்த்ததா என்று கேட்டால் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ஒன்று நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த ஜன்னலில் விலைச்சீட்டு இல்லை. விற்கிற பொருள் என்று ஒரு கைக்குட்டைகூட இல்லை.

24 நவம்பர்

கனடா ஸ்காபரோவிலிருந்து ஒரு அக்கா, ஷோகேஸ் என்று எழுதாதே, காட்சிச் சாளரம் என்று எழுது என்கிறார். அக்கா, மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் போய் "காட்சிச் சாளரத்தில் இருக்கிற சேலையை எடுங்க" என்றால் கண் ஆஸ்பத்திரிக்கு வழி சொல்வார்கள்.

24 நவம்பர், கொஞ்சம் கழித்து

அக்கா பாதி சரி. ஷோகேஸ் என்றால் கல்யாணத்துக்கு வந்த கண்ணாடிக் கோப்பைகளைப் பூட்டிவைக்கும் வீட்டு அலமாரியும்தானே. சிலருக்கு அதுதான் முதலில் ஞாபகம் வரும். கடை ஜன்னல் என்றும் எழுதிப் பார்க்கிறேன். எது வாயில் வருகிறதோ அது.

26 நவம்பர்

விற்காத ஜன்னல் பற்றி, முதலில் கேள்வி கேட்ட எடிசன் தம்பி "ஒரு உதாரணம் போதுமா?" என்று கேட்டிருக்கிறார். (வயது தெரியாமல் தம்பி என்கிறேன். பொறுத்துக்கொள்ளவும்.)

போதாது. இந்தாருங்கள் இன்னொன்று. அதே லார்ட் அண்ட் டெய்லர், 1938. ஜன்னல்களிலிருந்து சரக்கை மொத்தமாக அப்புறப்படுத்திவிட்டு, பொன்முலாம் பூசிய பெரிய பெரிய மணிகளை மட்டும் தொங்கவிட்டார்கள். மணிகள் ஆடின, பதிவுசெய்த மணியோசை தெருவில் கேட்டது. அவ்வளவுதான். கடைவாசலிலேயே மிக விலையுயர்ந்த இடத்தில் ஒரு பொத்தான்கூட விற்பனைக்கு இல்லை. அதற்கப்புறம் கிறிஸ்துமஸ் ஜன்னலில் சரக்கு வைக்காமல் இருப்பது அந்தக் கடைக்கு வழக்கமாகவே ஆனது.

இன்னொரு சங்கதி எனக்கு ரொம்பப் பிடித்தது. 1914-ல் அந்தக் கட்டடத்தைத் திறந்தபோதே ஜன்னலின் தரையை நீரழுத்த லிஃப்ட் மேல் அமைத்திருந்தார்கள். கீழே நிலவறையில் வைத்து முழுசாக ஜோடித்துவிட்டு, அப்படியே தெருமட்டத்துக்கு ஏற்றிவிடலாம். மற்ற கடைகளில் வாரக்கணக்கில் கண்ணாடிக்குக் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் உள்ளே வேலை நடக்கும்.

சரி, விளம்பரமா இல்லையா என்றால், விளம்பரம்தான். மறுக்கவில்லை. மேஸீஸ் 1874-லேயே, 14-வது தெருவில் இருந்த காலத்தில், கிறிஸ்துமஸுக்குப் பீங்கான் பொம்மைகளை ஜன்னலில் வைத்து ஆள் சேர்த்தவர்கள். 34-வது தெருவுக்கு வந்தது 1902-ல். ஜன்னல் ஜோடிப்பவர்களுக்கென்று சிகாகோவில் 1897-ல் ஒரு மாதப் பத்திரிகையே தொடங்கினார் ஃபிராங்க் பாம். ஓஸ் நாட்டு மந்திரவாதி கதையை எழுதினாரே, அவரேதான். கண்ணாடிக்குள் அசைகிற ஏதாவது ஒன்று இருந்தால் தெருவில் போகிறவன் நிற்பான் என்பது அவர் கட்சி. மாவு தேய்க்கும் கிழவிக்கு அவர்தான் தாத்தா முறை.

27 நவம்பர்

ஓவியர் டாலி ஃபிஃப்த் அவென்யூவில் கிறிஸ்துமஸ் ஜன்னல் செய்து கண்ணாடியை உடைத்தாராமே என்று ஒருவர். உடைத்தது நிஜம், கிறிஸ்துமஸ்தான் தப்பு. 1939 மார்ச். கடை பான்விட் டெல்லர். உரோமத் தோல் பொதிந்த குளியல் தொட்டி, பழைய பொம்மைகள் என்று ராத்திரி பூரா ஜோடித்துவிட்டுப் போயிருக்கிறார். காலையில் வாடிக்கையாளர்கள் முகம் சுளித்ததும் கடைக்காரர்கள் அவரைக் கேட்காமல் பொம்மைகளை மாற்றிவிட்டார்கள். திரும்பி வந்து பார்த்த மனிதர் கோபத்தில் தொட்டியைத் தள்ள, தொட்டி கண்ணாடியை உடைத்துக்கொண்டு நடைபாதையில் விழ, பின்னாலேயே இவரும் வெளியே வர, போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அந்தக் கடை இருந்த கட்டடம் இப்போது இல்லை. 1980-ல் இடித்துவிட்டு ட்ரம்ப் டவர் கட்டினார்கள்.

கொலு வைக்கும்போது அம்மா நாம் வைத்த பொம்மையை நமக்குத் தெரியாமல் இடம் மாற்றினால் வருமே ஒரு கோபம், அதே ஜாதிக் கோபம்.

29 நவம்பர், பிளாக் ஃபிரைடே

இன்றைக்குப் போகாதீர்கள். நானும் போகவில்லை. மிஞ்சின குருமாவைச் சூடுபண்ணிச் சாப்பிட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

ஷாப்பிங் சீசன் எப்போது தொடங்குகிறது என்று கேட்டிருந்தீர்கள். தேங்க்ஸ்கிவிங் என்ற நன்றித் திருநாளுக்கு மறுநாள், அதாவது இந்த பிளாக் ஃபிரைடே, என்பது கணக்கு. 1939-ல் நவம்பரில் ஐந்து வியாழக்கிழமைகள். கடைசி வியாழன் 30-ந்தேதி. அதற்கப்புறம் கிறிஸ்துமஸுக்கு நாள் போதாது என்று பெரிய கடைக்காரர்கள் மொய்க்க, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பண்டிகையையே ஒரு வாரம் முன்னால் நகர்த்திவிட்டார். பாதி மாநிலங்கள் ஏற்கவில்லை, ஒரே நாட்டில் இரண்டு தேங்க்ஸ்கிவிங். 1941-ல்தான் நவம்பரின் நான்காவது வியாழன் என்று சட்டம் போட்டு முடித்தார்கள். இந்த வருஷம் 28-ந்தேதி வந்ததால், கடைக்காரர்கள் சிணுங்கக்கூடிய குட்டை சீசன்.

நம் ஊரில் தீபாவளியை யாரும் நகர்த்த முடியாது, சதுர்த்தசி கேட்காது. ஆனால் நல்ல காரியம் எதுவும் செய்யாத ஆடி மாசத்தைப் பிடித்துத் தள்ளுபடி மாசமாக்கினார்களே, ரூஸ்வெல்ட் பிச்சை வாங்கவேண்டும்.

3 டிசம்பர்

வரி. நேற்று ஒருவர் "துணியெல்லாம் ஜெர்சியில் வாங்குங்கள், நியூயார்க்கில் 8.875 சதவீதம் தீட்டிவிடுவார்கள்" என்று எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. நியூயார்க் நகரத்தில் துணியும் செருப்பும் ஒரு உருப்படி 110 டாலருக்குக் கீழே இருந்தால் வரி கிடையாது. மொத்த பில்லைப் பார்ப்பதில்லை, உருப்படிக்கு உருப்படி. 90 டாலர் ஸ்வெட்டர் நாலு எடுத்தாலும் வரி இல்லை, 120 டாலர் ஸ்வெட்டர் ஒன்று எடுத்தால் அந்த 120-க்கும் முழுசாக உண்டு. ஜெர்சியில் அந்த விலை வரம்பே இல்லாமல் துணிக்கு வரிவிலக்கு, அதனால் கோட்டு மாதிரி பெரிய துணியை அங்கே எடுங்கள். கைப்பை, வாட்ச் எல்லாம் துணிக் கணக்கில் வராது, இரண்டு பக்கமும் வரி உண்டு.

8 டிசம்பர், ஞாயிறு, இரவு

போய்வந்தேன். கால் இரண்டும் வெந்நீரில்.

இன்று ஃபிஃப்த் அவென்யூவில் கார்களை நிறுத்திவிட்டு நடக்க விட்டிருந்தார்கள். டிசம்பர் ஞாயிற்றில் இப்படி விடுவது 2022-ல் தொடங்கியது. நடுரோட்டில் நடந்து ஜன்னல் பார்ப்பதற்கும் நடைபாதையில் இடிபடுவதற்கும் உள்ள வித்தியாசத்தைப் போனவர்களைக் கேளுங்கள். மகள் வந்தாள், பதினாறு வயது, ஒரு காதில் மட்டும் ஹெட்போன். மறு காது எனக்காம்.

சாக்ஸில் விளக்காட்டம் இல்லாதது பல்லுப் போன வாய் மாதிரி இருந்தது. போன வருஷம் டியோர் ஃபேஷன் கம்பெனியோடு சேர்ந்து முகப்பு முழுக்க ராசிச் சக்கரமும் ராட்டினமுமாக ஆட்டிவைத்தார்கள். இந்தத் தடவை அந்த நேரத்துக்கு ஜனங்கள் எதிர்ப்பக்கம் திரும்பி ராக்ஃபெல்லர் சென்டர் கிறிஸ்துமஸ் மரத்தைப் பார்க்க நெருக்கியதில் எனக்கு ஒரு கையுறை போயிற்று.

52-வது தெரு முனையில் கார்டியே நகைக்கடைக் கட்டடம், வழக்கம்போல ராட்சச சிவப்பு ரிப்பன் கட்டிப் பரிசுப்பெட்டி மாதிரி. அந்த மாளிகை கைமாறிய கதை தெரியுமா? 1917-ல் அதன் சொந்தக்காரர் ரொக்கம் 100 டாலரும் ஒரு இரட்டைச் சர முத்துமாலையும் வாங்கிக்கொண்டு கட்டடத்தைக் கொடுத்துவிட்டார். அவர் மனைவிக்கு மாலை மேல் கண். அன்றைக்கு அதன் மதிப்பு பத்து லட்சம் டாலர். அப்புறம் வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்து முத்து விலை தலைகுப்புற விழுந்தது. கட்டடம் நின்றுவிட்டது. இதை மகளிடம் சொன்னேன். "அம்மா, நீ இதை வருஷா வருஷம் சொல்றே" என்றாள். மறு காதிலும் ஹெட்போன் ஏறியது.

58-வது தெரு பெர்க்டார்ஃப் குட்மேன் கடை இன்னும் சாகவில்லை, தம்பி. டேவிட் ஹோயி என்பவர்தான் பல வருஷமாக அந்த ஜன்னல்களுக்குப் பொறுப்பு. அவருடைய ஜன்னலில் காலி இடம் என்பதே இருக்காது. சுவர், தரை, கூரை, நடுவில் தொங்குவது என்று அடைத்துத் தள்ளியிருப்பார். ஒரு ஜன்னலுக்கு ஐந்து நிமிஷம் கொடுத்தால்தான் பின்வரிசையில் என்ன இருக்கிறது என்று கண்ணுக்கு அகப்படும். நான் நின்ற இடத்தில் கண்ணாடியில் சின்னச் சின்ன மூக்குத் தடங்கள், தரையிலிருந்து இரண்டரை மூன்று அடி உயரத்தில் ஒரே வரிசையாக. ஒரு ஆள் துணியோடு வந்து துடைத்தார். அவர் நாலு அடி தள்ளிப் போவதற்குள் ஒரு பையன் புது மூக்கு பதித்தான்.

பெர்க்டார்ஃபில் உடை இருக்கிறது, விற்கிற உடை. அதைச் சொல்லாமல் விட்டால் ஏமாற்று.

11 டிசம்பர்

"பரிசுப்பொருளைக் கடையிலேயே சுற்றித்தருவார்களா, காசு உண்டா?" சில கடையில் உண்டு, சில கடையில் சும்மா. இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும், ஏனென்றால் நான் சுற்றியிருக்கிறேன்.

2015 மே மாசம் ஹெச்-4 காரர்களில் ஒரு பகுதிக்கு, கணவனோ மனைவியோ கிரீன் கார்டு வரிசையில் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால், வேலை அனுமதி கொடுத்தார்கள். எனக்கு அட்டை கைக்கு வந்து, கணக்கு வேலைக்கு விண்ணப்பித்து விண்ணப்பித்து, ஆறு வருஷ இடைவெளிக்கு என்ன காரணம் என்று எல்லாரும் கேட்டு, கடைசியில் 2016-ல் ஒரு பெரிய கடையில் சீசன் வேலை. பரிசு சுற்றும் மேஜை. எந்தக் கடை என்று கேட்காதீர்கள். மணிக்குப் பத்து டாலர் சொச்சம். முதல் சம்பளச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

வேலை இப்படி. பெட்டியைக் கவிழ்த்துப் போடவேண்டும், ஒட்டு விழும் பக்கம் அடியில் போக. மேஜையில் திருகிவைத்த பெரிய உருளையிலிருந்து காகிதத்தை இழுத்து, கத்திப் பட்டையில் ஒரே இழுப்பில் கிழிக்கவேண்டும், நடுவில் நிறுத்தினால் பல்லுப்பல்லாக வரும். இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பை மடிப்புக்கு உள்ளே வைத்தால் வெளியே டேப் தெரியாது. முனையில் முக்கோணம் விழும்படி நகத்தால் நீவவேண்டும். விலைச்சீட்டை எடுத்துவிட்டு, விலை போடாத ரசீது ஒன்றை உள்ளே வைக்கவேண்டும், பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ள. டிசம்பர் 23 சாயங்காலம் ஆண்கள் நாள். வரிசை முழுக்க ஆண்கள், கையில் ஒரே மாதிரி மூன்று ஸ்கார்ஃப், முகத்தில் பரீட்சைக்குப் படிக்காத களை.

24-ந்தேதி நெரிசலில் என் கத்தரிக்கோலைக் காணவில்லை. எங்கே தேடியும் இல்லை. 26-ந்தேதி ஒரு பாட்டி திரும்பக்கொடுக்கும் கவுண்டருக்கு வந்து, ஒரு டீபாட் பெட்டியை வைத்து, "டீபாட்டை வைத்துக்கொள்கிறேன், கத்தரிக்கோலை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். டிஷ்யூ காகிதத்துக்குள் அழகாகச் சுற்றி வைத்திருக்கிறேன், நானே.

11 டிசம்பர், தொடர்ச்சி

சொல்ல வந்தது வேறு, கத்தரிக்கோலில் போய்விட்டேன்.

அதே வேலையில் ஒரு ராத்திரி, கடை மூடினதும், ஜன்னல் ஜோடிப்பவர்களுக்கு ஒரு கை ஆள் தேவைப்பட்டது. ஒரு விளக்கு அணைந்துவிட்டது, ஏணியைப் பிடிக்க என்னைக் கூப்பிட்டார்கள். கடைக்குள்ளிருந்து ஜன்னலுக்குள் போகிற கதவு குனிந்து நுழையும் அளவு. செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே எல்லாரும் காலுறையோடுதான், தரையில் தடம் விழக்கூடாது என்று. கோயிலுக்குள் போகிற மாதிரி போனேன்.

உள்ளே உலை மாதிரி சூடு, விளக்குகளால். தெருப்பக்கம் பார்த்தால் அரண்மனைச் சுவர், பின்பக்கம் பெயிண்டே அடிக்காத பிளைவுட், பென்சிலில் கூட்டல் கணக்கு. பொம்மைக்கு உடம்போடு தைத்தது மாதிரி இருந்த கவுனின் முதுகுப் பக்கம் ஆபீஸ் கிளிப் மாட்டி இறுக்கியிருக்கிறார்கள், கறுப்பு கிளிப், எண்ணினேன், பதினான்கு. மூலையில் ஒரு இஸ்திரிப்பெட்டி, யாரோ பாதி கடித்த சாண்ட்விச். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், வெளியே நடைபாதையில் ஒரு சின்னப் பெண் என்னைப் பார்த்துக் கையாட்டினாள். ஆட்டுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. அசையாமல் நின்றுவிட்டேன். அவள் அம்மா இழுத்துக்கொண்டு போகும்வரை மூச்சுகூட விடவில்லை.

ஏன் ஆட்டவில்லை என்று ரயிலில் வரும்போதெல்லாம் யோசித்தேன்.

12 டிசம்பர்

"இவ்வளவும் கேட்டால் நம்ம கொலுதானே?" என்று மயிலாப்பூர்க்காரர் ஒருவர். நானே டாலி விஷயத்தில் கொலுவை இழுத்தேன், தப்பு என் மேல். கொலுவுக்குப் போனால் சுண்டலாவது கொடுப்பார்கள். இங்கே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் குளிர்தான்.

14 டிசம்பர்

திருத்தம். சுண்டல் இல்லை என்றேன். லார்ட் அண்ட் டெய்லரில் காலையில் கடை திறப்பதற்கு முன்னால் வந்து காத்திருப்பவர்களுக்குச் சும்மா காபி கொடுக்கும் வழக்கம் இருந்தது. திறக்கும்போது தேசியகீதம் போடுவார்கள். நான் போனதெல்லாம் மத்தியானம், பிள்ளை தூங்கி எழுந்தப்புறம், அதனால் காபியைக் கண்ணால் கண்டதில்லை. மயிலாப்பூர்க்காரர் ஒரு பாயிண்ட் எடுத்துக்கொள்ளலாம்.

17 டிசம்பர்

எடிசன் தம்பி கண்டுபிடித்துவிட்டார். நானாகச் சொல்லாமல் மறைத்தேன் என்கிறார். மறைக்கவில்லை, தள்ளிப்போட்டேன்.

ஆமாம். அந்த 38-வது தெருக் கட்டடத்தை 2020-ல் வாங்கியது அமேசான். ஆபீஸ் வைக்க. போனில் வாங்கும் காலத்தில் ஜன்னல் எதற்கு என்று நீங்கள் கேட்ட கேள்விக்கு அந்தக் கட்டடமே பதில் சொல்கிறது, உங்களுக்குச் சாதகமாக. நான் என்ன செய்ய.

என் தரப்பையும் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். விற்பனைக்கு வைக்காத ஜன்னல் என்று கிழவியைத் தூக்கிப்பிடித்தேனே, விற்காததால்தான் அந்தக் கடையே போயிற்றோ என்று யாராவது கேட்டால் வாயை மூடிக்கொள்வேன். ஒன்பது வருஷம் அந்த ஜன்னல்களைப் பார்த்த நான் அந்தக் கடைக்குள் வாங்கிய மொத்தப் பொருள் ஒரு ஜோடி காலுறை. அதுவும் தள்ளுபடியில். என்னை மாதிரி ஆட்களைக் கயிறு கட்டி வரிசையில் விட்டு என்ன லாபம் கண்டார்கள்?

இன்னொன்றும் தோன்றுகிறது. இப்போது கையில் கொஞ்சம் காசு இருக்கிறது. இந்த 8-ந்தேதி பெர்க்டார்ஃப் முன்னால் நின்றபோது, அந்தக் கோட்டு என்ன விலை இருக்கும் என்று ஒரு கணக்கு ஓடியது. 2009-ல் அந்தக் கணக்கே ஓடியதில்லை.

22 டிசம்பர்

தம்பி கூட்டிப்போய்விட்டு வந்து எழுதியிருக்கும் நீண்ட பதிலை ரசித்துப் படித்தேன். மாமனார் ஜன்னல் எதையும் திரும்பிப் பார்க்கவில்லையாம். மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவர், ராக்ஃபெல்லர் மரத்தடியில் நின்று "எத்தனை பல்பு, லோடு எவ்வளவு, லைன் எங்கேயிருந்து எடுத்திருக்கான்" என்று மூன்று கேள்வி. மருமகனுக்குப் பதில் தெரியவில்லை. நான் சொல்கிறேன், அவரிடம் காட்டுங்கள்.

பல்பு 50,000-க்கு மேல். ஒயர் ஐந்து மைல், எட்டு கிலோமீட்டர். 2007-ல் எல்.ஈ.டி-க்கு மாறினார்கள். அதற்கு முன் ஒரு நாளைக்கு 3,510 யூனிட் இழுத்தது 1,297 யூனிட்டாக இறங்கியது. லைன் எங்கேயிருந்து என்பதை அவரே அடுத்த தடவை வந்து கண்டுபிடிக்கட்டும். மரம் நார்வே ஸ்புரூஸ், இந்த வருஷத்தது 74 அடி, மாசசூசெட்ஸிலிருந்து வந்தது. முதல் மரம் 1931-ல், இருபது அடிதான். ராக்ஃபெல்லர் கட்டடம் கட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்கள், ஊரெல்லாம் வேலையில்லாமல் கிடந்த வருஷம், தாங்களே காசு போட்டு நட்டது. அதில் பல்பு கிடையாது, அதனால் லோடு சைபர். மரத்தில் மின்விளக்கு போட்ட முதல் ஆளும் இந்த ஊர்தான். எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன், 1882, தன் வீட்டில், 80 பல்பு. எடிசன் ஊரிலிருந்து போனவருக்கு இதுகூடத் தெரியாதா, தம்பி?

மாமியார் விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. தள்ளுவண்டியில் வறுத்த செஸ்ட்நட் வாங்கிக்கொடுத்தால் ஒன்று கடித்துவிட்டு "சக்கைக்கொட்டை சுட்டதுக்கு இவ்வளவு ரூபாயா?" நூற்றுக்கு நூறு உண்மை, சுட்ட பலாக்கொட்டை ருசியேதான், நான் பதினைந்து வருஷமாக அதற்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அப்புறம் தெருமுனையில் சிவப்பு உண்டியலை வைத்து மணியடித்து ஆடுகிறவரின் உடுப்பைப் பார்த்ததும் "இது நம்ம இரட்சணிய சேனையில்லா?" (சால்வேஷன் ஆர்மி) என்று நேராகப் போய் ஐந்து டாலர் போட்டிருக்கிறார். வடசேரி கேத்தரின் பூத் ஆஸ்பத்திரியை நடத்துபவர்கள் அவர்கள்தானே, அங்கேதான் அவருக்கு மூன்று பிரசவமும். மருமகன் இத்தனை வருஷமாக அந்த உண்டியலைத் தாண்டிப் போயிருக்கிறார், யார் என்று தெரியாமல்.

ஜன்னல்? பெர்க்டார்ஃபில் ஒரு ஜன்னல் முன்னால் மாமியார் கால்மணி நேரம் நின்றாராம். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டதற்கு, "தூசி எப்படித் துடைப்பாங்கன்னு பார்த்தேன்."

அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

4 ஜனவரி 2025

இனிமேல் போகலாமா என்று கேட்டிருந்தவர்களுக்கு: ஜன்னல்களைப் புதுவருஷம் பிறந்த கையோடு பிரிக்கத் தொடங்கிவிடுவார்கள், இனிப் போகாதீர்கள். தூசிக் கேள்விக்குப் பதில்: பெயிண்ட் பிரஷ். நான் உள்ளே போன ராத்திரி ஒருவர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார், ஒன்றரை அங்குல பிரஷால் பொம்மையின் இமையை.

கடைகளில் சுற்றும் காகிதம் இப்போது கால் விலை. நாலு உருளை எடுத்தேன், சிவப்பில் தங்கப் புள்ளி, செப்டம்பரில் கொலுப்படிக்கு ஆகும். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் ஒன்றில் மட்டும் ஓரத்தில் பனிமனிதன். அதைக் கடைசிப் படிக்கு உள்பக்கமாக மடித்துவிடலாம்.